மூட்டு மீனும் நேர் மீனும்

1967 நவம்பர் 12, ஞாயிறு, காலை ஆறே கால், தூறல். ஏனாத்தூர் ஏரிக்கரையில் ஒரு பஸ் கண்டக்டர், விரால் பிடிக்கத் தூண்டிலில் கட்டவென்று தானே செதுக்கிய இரண்டு மரமீன்களைக் காட்டினார். ஒன்று நடுவில் மூட்டு வைத்தது, மற்றது நேர்க்கட்டை.

"மூட்டு வச்சதுதான் உயிர் மீனாட்டம் நெளியும். எடுத்துக்கோ சார், ரெண்டு ரூபா. அப்புறம் குடு."

விராலோடு வருவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். மூன்றாம் வீச்சிலேயே மூட்டில் பாசி சிக்கி, தூண்டில் நரம்பு அறுந்து, மரமீன் போயிற்று. அவரோ டிக்கெட் கிழிப்பவர்போலக் கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, நேர்க்கட்டையை வீசி, நான் பார்த்துவைத்திருந்த விராலையே இழுத்துப்போட்டார்.

"பாசியில மூட்டு மாட்டும்னு சொல்லலியேப்பா?"

"நீ கேக்கலியே சார்! விரால் வேணுமா? ரெண்டரை ரூபா."

மரமீனுக்கும் விராலுக்கும் சேர்த்து ஐந்து ரூபாய் நோட்டைக் கொடுத்தேன். மீதி அரை ரூபாய்க்குச் சில்லறை இல்லை என்றார். அந்த வீச்சின் அழகு இன்னும் கண்ணில் நிற்பதுதான் எனக்கு ஆறவில்லை. ஆக, ஐந்து ரூபாய்.