முன் பக்கத்தில் எழுதாத வார்த்தை

பிழைப்புக்கு என்ன செய்கிறாய் என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். விளக்கி விளக்கி அலுத்துவிட்டது. கடை வைத்திருப்பவர் ஒரு வெப்சைட்டும் வைத்திருப்பார். ஜனங்கள் போனில் எந்த வார்த்தைகளைப் போட்டுத் தேடினால் அந்தக் கடை கண்ணில் படும் என்று பார்த்து, அவற்றை அவருடைய பக்கத்தில் சேர்த்துக் கொடுப்பது என் வேலை. கீவேர்டு என்பார்கள். திருச்சி புத்தூர் வீட்டு ஹாலில், ஒரு பக்கம் துணி காய, மறுபக்கம் குக்கர் கத்த, பல வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை. ஆட்களோடு மல்லுக்கட்டுவதில்தான் உயிர் போகிறது. எல்லோருக்கும் 'தரமான' வேண்டும், 'நம்பர் ஒன்' வேண்டும். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவர் 'உலகத்தரம்' என்று போட்டே ஆகவேண்டும் என்றார். வெங்காயம் வாங்குகிறவன் உலகத்தரம் என்றா தேடுவான்? 'சின்ன வெங்காயம் மொத்த விலை திருச்சி' என்று தேடுவான். அதைச் சொன்னால், "நீங்க சொல்றது சரிதாங்க, ஆனா பாக்க கெத்தா இல்லீங்களே" என்றார். போட்டுக் கொடுத்துவிட்டேன். சண்டை போடத் தெம்பில்லை.

ஸ்ரீரங்கத்து மாமாவிடம் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாமல் போனது. அதற்குக் காரணம் மாமி.

அவர்கள் இருவரும் சமையல் கான்ட்ராக்ட் எடுத்து நடத்தினார்கள். உத்தர வீதியில் பழைய வீடு, முன்வாசலில் நின்று பார்த்தால் கொல்லைக் கதவு வரை தெரியும். கொல்லையில்தான் அடுப்புகள். சடங்கு செய்துவைக்கும் இடங்களிலிருந்து அவர்களுக்கு வாடிக்கைக்காரர்களை அனுப்பிவந்த வயதான புரோகிதர், வாத்தியார் என்பார்கள், காலமான பிறகு போன் அடிப்பது குறைந்தது. புதிதாக வந்த வாத்தியார்கள் சமையலுக்கும் சொந்தமாக ஆள் வைத்துக்கொண்டார்கள். பெங்களூரில் இருக்கும் மகன், வெப்சைட் போட்டுத் தை வரைக்கும் பார்ப்போம், அப்படியும் ஓடவில்லை என்றால் மூடிவிட்டு இரண்டு பேரும் என்னோடு வந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தான். மாமா அரை மனதாகச் சரி என்றுவிட்டார்.

முதல் நாள் காபி கொடுக்கும்போதே மாமி குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எப்படியாவது போன் அடிக்கப் பண்ணிடும்மா. அங்க ஏதோ ஒரு மாடியில பால்கனியைப் பார்த்துண்டு என்னால உட்கார முடியாது. இந்த அடுப்பு அணைஞ்சா என்னைக் கூட்டிண்டு போயிடுவா."

மகன் போட்டுக் கொடுத்திருந்த பக்கம் பார்க்க அழகாக இருந்தது. மேலே பெரிதாக ஒரு கோலம். கீழே கல்யாணம், பூணூல், சீமந்தம், சஷ்டியப்த பூர்த்தி. ஆனால் மாமியிடம் பேச்சுக் கொடுத்ததில், கல்யாணச் சமையல் செய்து பல காலமாகிறது என்று தெரிந்தது. அடுப்பில் ஏறியதெல்லாம் திவசச் சமையல். காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் தர்ப்பணம், பிண்டம் என்று வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு மடியாக, ஆசாரம் கெடாமல் சமைத்துப் போட ஆள் வேண்டும். வாழைக்காய், பாகற்காய், பிரண்டைத் துவையல் என்று அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. உருளைக்கிழங்குக்கும் தக்காளிக்கும் அதில் இடமில்லை. அது தெரிந்த கை மாமியுடையது. திவசம் என்ற அந்த ஒரு வார்த்தை பக்கத்தில் எங்குமே இல்லை.

"திவசச் சமையல் ஸ்ரீரங்கம்னு போடணும் மாமா. அப்படித்தான் தேடுறாங்க. நானே பார்த்துட்டேன்" என்றேன்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "திவசத்தன்னிக்கு வாசல்ல கோலமே போட மாட்டோம். நீங்க என்னடான்னா கோலத்துக்குக் கீழயே அதை எழுதச் சொல்றேள். நாளைக்குக் கல்யாணத்துக்குன்னு ஒருத்தர் பார்த்தா என்ன நினைப்பார்?"

கல்யாணத்துக்கு யாருமே பார்க்கவில்லை என்பதை எப்படிச் சொல்வது? சுற்றி வளைத்துச் சொன்னேன். அவர் பக்கத்தில் இருந்த போனைக் காட்டினார். "இதுல பேசறவா யாராவது அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டிருக்கேளா? அப்பாவுக்கு மாசியில வருதும்பா. அம்மாவுக்கு அடுத்த வாரம்பா. அவ்வளவுதான். எங்களுக்குப் புரியும்."

"மனுஷங்ககிட்ட அப்படிச் சொல்வாங்க மாமா. மிஷின்கிட்ட அப்படிச் சொன்னா அதுக்குப் புரியாதே."

"அப்ப அது மிஷினோட குறை."

அன்றைக்கு சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்து பஸ் மாறி வீட்டுக்குப் போகும்வரை எரிச்சலாகவே இருந்தது. நல்ல கைமணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் இப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் யார்தான் என்ன செய்வது? அடுத்த வாரம் மறுபடி போனேன், அதற்கடுத்தும் போனேன். ஒவ்வொரு முறையும் மாமி கதவோரம் நின்று என் முகத்தைப் பார்ப்பார். நான் உதட்டைப் பிதுக்குவேன். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

கடைசியில் ஒருநாள் மாமாவே சலித்துப்போய், "உங்களோட பெரிய தொந்தரவா போச்சு. எழுதித்தான் ஆகணும்னா கொல்லைப்பக்கம் எங்கேயாவது எழுதிக்கோங்கோ. வாசல்ல கூடாது" என்றார்.

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வெப்சைட்டிலும் கொல்லைப்பக்கம் வைக்க முடியும். முன்பக்கத்திலிருந்து அதற்கு வழி இருக்காது. கல்யாணத்துக்கு வருகிறவர் கண்ணில் படாது. அந்த வார்த்தையைப் போட்டுத் தேடுகிறவர் மட்டும் நேராக அங்கே வந்து இறங்குவார். மாமாவுக்கு இரண்டு முறை விளக்கினேன். "முன்னாடி தெரியாதே?" என்று மூன்றாவது முறையும் கேட்டுவிட்டுத்தான் தலையாட்டினார். கோலம், படம் எதுவும் இல்லாமல், என்ன சமைப்போம், எப்போது கொண்டுவருவோம் என்று வெறும் எழுத்தாக அந்தப் பக்கத்தைச் செய்து கொடுத்தேன்.

தை பிறப்பதற்கு முன்பே போன் அடிக்க ஆரம்பித்தது. முதல் அழைப்பு வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். பேசிவிட்டு போனை வைத்த மாமாவின் முகத்தில் அப்படி ஒரு வெற்றி. "சிங்கப்பூர்லேர்ந்து வராராம். அம்மாவுக்கு வருதுன்னார். பார்த்தேளா, அவரும் அந்த வார்த்தையைச் சொல்லலை."

"வாயால சொல்லலை மாமா. விரலால எழுதியிருக்காரு" என்றேன். மாமி உள்ளேயிருந்து சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான். பெங்களூர்ப் பேச்சு அதோடு நின்றது.

ஒரு வருஷம் ஓடியது. ஐப்பசியில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்த மாமா எழுந்திருக்கவில்லை. மகன் வந்து காரியமெல்லாம் செய்தான். பதிமூன்றாம் நாள் சுபம் முடிந்து சில நாள் கழித்து நான் போனபோது, வாசலில் கோலம் இல்லை. மகன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். ஒரு பெட்டி மாமிக்கு. இத்தனை இழுபறியும் இதற்காகவா என்று ஆயாசமாக வந்தது.

மாமி என்னைக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அடுப்பில் கரி அள்ளி, சாணம் மெழுகியிருந்தது.

"நான் போகலைன்னு சொல்லிட்டேம்மா. அவன்தான் நம்பாம பெட்டி கட்டிண்டிருக்கான். இத்தனை வருஷம் ஊரார் அப்பாவுக்கெல்லாம் சமைச்சுப் போட்டேன். இவருக்கு வரும்போது இந்த அடுப்பு எரிய வேண்டாமா?" என்றார். பிறகு தன் இயல்பான குரலில், "அந்தக் கொல்லைப்பக்கம் எழுதினியே, அதை முன்னாடி கொண்டு வந்துடு. ஒளிச்சு வைக்க வேண்டாம். போன் நிறைய வரணும், அப்பதான் இவன் என்னை விடுவான்" என்றார்.

"மாமாவுக்குப் பிடிக்காதே மாமி."

"அவர் சுமங்கலி இருக்கற ஆத்து வாசலுக்குச் சொன்னார். இனிமே என் வாசல்ல எதை எழுதினா என்ன? அந்தக் கோலத்தையும் எடுத்துடு."

எத்தனை நாள் வாதாடிக் கேட்ட வார்த்தை அது. அவர் தாமாகவே எடுத்துக் கொடுத்தபோது எனக்கு வேண்டாம் என்றிருந்தது.

வீட்டுக்கு வந்து, துணிக் கொடிக்கு அடியில் உட்கார்ந்து, வார்த்தையை முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். கோலத்தை எடுக்கக் கை வரவில்லை. அதற்குக் கீழேயே எழுதிவிட்டேன்.

மறுநாள் காலையில் மாமியிடமிருந்து போன் வந்தது.

"பார்த்தேன். கோலம் அப்படியே இருக்கே?"

"இருக்கட்டும் மாமி" என்றேன்.

போனில் அவருக்குப் பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"சரி, வச்சுடறேன். யாரோ அப்பாவுக்கு வருதாம், வாழைக்காய் நறுக்கணும்" என்றார்.