பிள்ளை கையில் வைத்த ஐம்பது வெள்ளி

என் கணவர் முப்பத்தொரு வருடம் சிங்கப்பூரில் பேருந்து ஓட்டியவர். அத்தனை வருடத்தில் ஒரு கீறல் கிடையாது. இதை அவர் வாய் திறந்து சொல்லிக்கொள்ள மாட்டார், நான்தான் சொல்வேன். தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் என் தையல் கடைக்கு வருகிறவர்கள் பிளவுஸ் அளவு கொடுத்து முடிப்பதற்குள் இந்தச் சேதியும் அவர்கள் காதில் விழுந்திருக்கும். அப்படிப்பட்ட மனிதர்மீது தவறு என்று ஒரு கடிதம் வந்தது. அது வரக் காரணம் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில் எங்கள் கார் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. இடது ஓரம் நின்றிருந்த வெள்ளைக் கார் ஒன்று சட்டென்று வெளியே வந்து எங்கள் பக்கவாட்டில் இடித்தது. கதவு இரண்டும் உள்ளே போய்விட்டன. யாருக்கும் அடி இல்லை. இறங்கிப் பார்த்தால் நம் ஆட்கள். தமிழ் முஸ்லிம் குடும்பம், நாற்பது வயதிருக்கும் ஒருவர், அவர் மனைவி, பின்சீட்டில் ஆறு வயதுப் பெண் குழந்தை. குழந்தை மூச்சு விடாமல் அழுதுகொண்டிருந்தது.

ஆண்கள் இருவரும் வண்டி எண்ணைப் படமெடுத்து, தொலைபேசி எண்ணை மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் குழந்தையிடம் போனேன். தண்ணீர் கொடுத்தேன், முகத்தைத் துடைத்துவிட்டேன். அப்புறம் என் கை தானாகப் பர்ஸுக்குள் போனது. ஒரு பிள்ளையை முதல்முதலாகப் பார்த்தால் வெறுங்கையோடு விட்டுவிட்டு வருவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. கல்யாணத்தில் பார்த்தாலும் சரி, கிளினிக்கில் பார்த்தாலும் சரி, ஒரு நோட்டை உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கிவிட வேண்டும். பத்து வெள்ளியைத் தேடினேன். அன்றைக்குப் பார்த்து ஐம்பதுதான் இருந்தது. வெளியே எடுத்ததை மறுபடி உள்ளே வைக்க முடியுமா?

“வேணாங்க்கா, எதுக்கு?” என்றாள் தாய்க்காரி.

“பிள்ளைக்குத்தானே. நீ சும்மா இரும்மா.”

மறுநாளே இரு தரப்பும் அவரவர் காப்புறுதி நிறுவனத்தில் விவரம் எழுதிக் கொடுத்தோம். இடித்தவர் அவர், ஆகவே பழுதுபார்க்கும் செலவை அவர் நிறுவனம் கொடுத்துவிடும் என்று நிம்மதியாக இருந்தோம். ஆறு வாரம் கழித்து அந்த நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. பணம் தர முடியாது. தவறு உங்கள் ஓட்டுநருடையது. சம்பவ இடத்திலேயே அவர் தரப்பு பணம் கொடுத்துச் சமாதானம் பேசியிருக்கிறது.

எங்கள் காப்புறுதி நிறுவனத்தில் இதைக் கவனித்தவர் ஒரு தமிழ்ப் பையன். போன் போட்டேன்.

“ஆன்ட்டி, ஸ்பாட்ல அவங்களுக்கு ஐம்பது வெள்ளி கொடுத்தீங்களா?”

“பிள்ளைக்குக் கொடுத்தேன்.”

“யார் பிள்ளைக்கு?”

“அவங்க பிள்ளைக்கு.”

“ஏன் ஆன்ட்டி?”

“என்ன தம்பி, ஏன்னு கேக்குறீங்க? பிள்ளைன்னா கொடுக்கமாட்டாங்களா?”

“எனக்குப் புரியுது ஆன்ட்டி. எங்கம்மாவும் இப்படித்தான். ஆனா ஃபார்ம்ல எங்கம்மாவுக்கெல்லாம் இடம் இல்ல லா.”

எனக்கு வந்த கோபத்திலும் அந்தப் பதில் பிடித்துப்போய், கடை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். மனிதர்கள் போகிற போக்கில் சொல்வதைச் சேர்த்து வைப்பது எனக்குப் பழக்கம். காரில் கேமரா இருந்தது, ஆனால் இரண்டு மாதமாக அதில் எதுவும் பதிவாகவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. ஆக, ஒரே வழிதான். அந்தப் பணம் எதற்கு என்று இடித்தவரே எழுதித் தர வேண்டும். “ஆனா எழுதினா அவருக்குத்தான் நஷ்டம், ஆன்ட்டி. பிரீமியம் ஏறிடும்” என்றும் பையன் சொல்லிவிட்டான்.

வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பழுதுபார்த்து வந்த காரில் தினமும் என்னைக் கடைக்குக் கொண்டுவிடுகிறவர், மறுநாள் காலை சாவியைத் தொடாமல், “ரயில்லயே போயிடலாம்” என்றார். வீடு இருக்கும் புக்கிட் பாத்தோக்கில் ஏறி, வழியில் இரண்டு முறை ரயில் மாறினோம். கடைசியாக ஏறிய ரயில் ஒவ்வொரு நிலையத்தையும் நெருங்கும்போது அவருடைய வலது கால் தரையை அழுத்துவதைப் பார்த்தேன்.

“இந்த ரயில்ல டிரைவரே கிடையாதுங்க. நீங்க யாருக்கு பிரேக் போடுறீங்க?”

அவர் சிரிக்கவில்லை. எப்போதும் சிரிக்கிறவர்.

அன்று மத்தியானம் அவருக்குச் சொல்லாமல் அந்த வெள்ளைக் கார்க்காரரின் கடைக்குப் போனேன். பயணப்பெட்டி விற்கும் கடை, என் கடையிலிருந்து நடக்கிற தூரம்தான். கணவன் மனைவி இருவரும் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

“அக்கா, ‘ஏதாச்சும் பணம் வாங்குனீங்களா’ன்னு ஃபார்ம்ல கேட்டிருந்தாங்க. வாங்கலைன்னு பொய் எழுதலாமா? ஐம்பது வெள்ளின்னு எழுதினேன்.”

“பிள்ளைக்குன்னு எழுதியிருக்கலாமே தம்பி?”

“அந்தக் கட்டத்துல நம்பர்தான்க்கா போட முடிஞ்சது.”

அவரைக் குறை சொல்ல வாய் வரவில்லை. நான் வழக்கத்தை விடவில்லை, அவர் உண்மையை விடவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டவர் என் வீட்டுக்காரர். எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். அவர் ஒரு பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். பிரீமியம் ஏறுவது அவருக்கும் தெரியும். அவர் மனைவிதான் பேசினாள்.

“மச்சான், இடிச்ச அன்னைக்கே உங்க மக சொன்னாளா இல்லையா, ‘வாப்பா நீங்க திரும்பியே பாக்கல’ன்னு?”

“கடையில வச்சு ஏன்டி...”

“பிள்ளைக்குக் கொடுத்த காச வச்சே அவங்கள மாட்டிவிட்டுட்டு, நாளைக்கு நான் தேக்காவுல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மீன் வாங்குறது?”

“ரெண்டு நாள் டைம் கொடுங்கக்கா” என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

அந்த இரண்டு நாளும் நான் தைத்த பிளவுஸ்களில் ஒன்றுக்குக் கை மாறிப்போனது. மூன்றாம் நாள் அவரே என் கடைக்கு வந்தார். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாளில் இரண்டு பக்கம், முழுக்கத் தமிழில்.

“இங்கிலீஷ்ல எழுதிப் பாத்தேன்க்கா. எழுத எழுத என்மேல தப்பே இல்லாத மாதிரி வந்துச்சு. அதான் தமிழ்ல எழுதிட்டேன்.”

அவர் போன பிறகு அந்த வரியையும் நோட்டில் ஏற்றினேன்.

கடிதத்தைப் படமெடுத்துப் பையனுக்கு அனுப்பிவிட்டு, அசலை எடுத்துக்கொண்டு மறுநாள் நேரிலேயே போனேன். அவர்கள் பிரிவில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தானாம். தன் மேலாளரான சீன அம்மாவுக்கு வரிவரியாகச் சொல்லியிருக்கிறான். “‘பயந்த பிள்ளை கையில பணம் வைக்கிறதா? எங்க வீட்லயும் செய்வோமே, இதுல என்ன கேள்வி’ன்னு அவங்களே எதிர்க் கம்பெனிக்குப் போன் போட்டுட்டாங்க, ஆன்ட்டி.” தலைவர்கள் மேடையில் சொல்கிற இன ஒற்றுமை எனக்கு அவ்வளவாக விளங்கியதில்லை. இது விளங்கியது.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. பழுதுபார்க்கும் செலவு முழுவதையும் எதிர் நிறுவனமே ஏற்றுக்கொண்டது. ஓட்டுநர்மீது தவறில்லை என்று ஒரு வரி, ஆங்கிலத்தில். காலையில் கடைக்குக் கிளம்பும் முன் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். படித்தார்.

“எப்படி மாறினாங்க?”

அப்போதுதான் எல்லாவற்றையும் சொல்லி, என்னிடம் இருந்த தமிழ்க் கடிதத்தின் நகலை நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ‘அண்ணன் நேராகத்தான் வந்தார்கள். நான்தான் பார்க்கவில்லை’ என்ற வரியை இரண்டு தடவை படித்தார். பிறகு, “அவருக்கு பிரீமியம் ஏறுமே” என்றார்.

“ஏறும். தெரிஞ்சுதான் எழுதினார்.”

உள்ளே போய் அவருக்குப் போன் செய்தார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது, கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது கண் கொஞ்சம் சிவந்திருந்தது. கையில் அதே கடிதம்.

“நல்ல மனுஷன். ஆனா ஒரு தப்பு பண்ணிட்டார்.”

“என்னங்க?”

“நான் பதினஞ்சு கிலோமீட்டர் வேகத்துல வந்தேன்னு எழுதியிருக்கார். அந்தச் சந்துல பதினஞ்சுல எவன் போவான்? பன்னெண்டு.”

“ஐயோ, வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க. ஃபைல மறுபடி திறந்துடப் போறாங்க!”

“பன்னெண்டுதான்டி” என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார். “கிளம்பு, கடைக்கு நேரமாச்சு. நான் போய் வண்டிய எடுக்குறேன்.”