லீவில்லாத படிப்பு

பின்னை என்ன பிள்ளை, என்ரை பேத்தி பெயிலாம் எண்டு உமக்கும் சொல்லிப்போட்டினமே? நானும் அப்பிடித்தான் நினைச்சனான். எல்லாருக்கும் லீவு விடுற ஓகஸ்ட் மாசத்திலை, பெயிலானதுகள்தானே திரும்பச் சோதினை எழுத யூனிவேசிற்றிக்குப் போகும்? நேற்று வந்தவளைப் பிடிச்சு நல்லா ஏசிப்போட்டன்.

“பெயிலில்லை அம்மம்மா, இது வருசம் முழுக்க லீவில்லாத படிப்பு. மூண்டு வருசத்தை ரெண்டிலை முடிக்கலாம்.”

“உனக்கென்னடி அவ்வளவு அந்தரம் அவசரம்?”

என்ரை மருந்துப் பெட்டியைப் பாத்தாள். “நான் பட்டம் வாங்கேக்கை நீங்கள் முன்னுக்கு இருக்கவேணும்” எண்டாள்.

நித்திரை முழிச்சுப் படிச்சு அவளுக்குக் கண்ணைச் சுத்திக் கறுத்துப்போச்சு. எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சொன்னதை நான் மறப்பனே? இனி அவள் முடிக்குமட்டும் எனக்குச் சாகவும் ஏலாது. ஐயோ, மழை தூறுது! அவளுக்கெண்டு போட்ட மோர்மிளகாய் வெளியிலை காயுது. பொறும், எடுத்திட்டு வாறன்.