ஸ்டெல்லாவின் ஆறாவது செமஸ்டர்

ஸ்டெல்லா, இன்று காலை கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது, காலேஜ் பை மாட்டியிருந்த ஒரு பெண்ணிடம் பக்கத்திலிருந்த ஒரு அம்மா “எந்த செமஸ்டர் கண்ணு?” என்று கேட்டார். நம் ஊரில் “எத்தனாவது படிக்கிற?” என்றுதான் கேட்பார்கள். ஓசூர் பக்கம் இந்த மூக்கண்டப்பள்ளிக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. இந்தக் கேள்வி மட்டும் இன்னும் எனக்குப் பழகவில்லை.

படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஸ்டெல்லா என் தங்கை. சிங்காரப்பேட்டையிலிருந்து முதலில் நான்தான் ஓசூருக்கு வந்தேன். வண்டிகளுக்குப் பாகம் செய்யும் கம்பெனியில் ஆபரேட்டர் வேலை. அவள் பிளஸ் டூ முடித்ததும் கூட்டிவந்து, இங்கே ஒரு காலேஜில் பி.ஏ. இங்கிலீஷ் சேர்த்தேன். நான் பத்தாவதில் கணக்கில் பெயில். ஒரே ஒரு பாடம். ரிசல்ட் அன்று அப்பா திட்டக்கூட இல்லை. “சரி, உட்டுடு” என்றார். அடுத்த வாரம் தக்காளி பறிக்கப் போனேன். மறுபடி எழுதலாம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் தெருவில் பெயில் என்றால் அதோடு படிப்பு முடிந்தது.

அவளுடைய இரண்டாவது செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று போனைப் பிடுங்கிப் பார்த்தேன். ஆங்கில உச்சரிப்பைப் பற்றிய ஒரு பேப்பரில் மொத்தம் நாற்பத்தைந்து. ஆனால் பாஸ் என்று போடவில்லை.

“நாப்பது எடுத்தா பாஸுன்னுதானடி சொன்ன?”

“காலேஜுல வெக்கிற டெஸ்டு, அசைன்மென்ட்டு எல்லாத்துக்கும் சேத்து இருபத்தஞ்சுக்கா. அதுல இருபத்தொண்ணு வாங்கிட்டேன். யுனிவர்சிட்டி பரிச்சை எழுபத்தஞ்சுக்கு. அதுல தனியா முப்பது வாங்கியாகணும். நான் இருபத்திநாலு.”

“நாப்பத்தஞ்சு வாங்கனவ பெயிலா? யாருக்குக் காது குத்தற?”

“பெயில் இல்லக்கா, அரியர். அடுத்த பரிச்சையோட சேத்து எழுதிக்கலாம். நான் பாட்டுக்கு ரெண்டாவது வருசம் போயிடுவேன். உன் கம்பெனில ஒரு பீஸு அளவு சரியில்லன்னா லோடையே தூக்கிக் குப்பையில கொட்டிடுவீங்களா? அந்த ஒண்ண மட்டும்தான ரீவொர்க்குக்கு அனுப்புவீங்க?”

“வாயிக்குப் பரிச்சை வெச்சா நீ பர்ஸ்ட் கிளாஸ்தான்.”

நான் நம்பவில்லை. வருடம் போய்விட்டது, மறைக்கிறாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உள்ளுக்குள் எரிச்சலும் இருந்தது. எனக்கு ஒரு பாடம் போனபோது எல்லாம் போனது. இவளுக்கு மட்டும் எப்படிப் போகாமல் இருக்கும்? மூன்றாவது செமஸ்டர் தொடங்கியபோது அவளை காலேஜுக்கு அனுப்பவில்லை. என் கம்பெனியிலேயே டிரெய்னியாகச் சேர்த்துவிட்டேன். அவள் இரண்டு நாள் அழுதாள். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு என்கூட பஸ் ஏறினாள்.

எங்கள் லைன் லீடர் மஞ்சுளா அக்கா அத்திப்பள்ளிக்காரர். பாதி கன்னடம், பாதி தமிழ். நான்காவது வாரம், “இந்த ஹுடுகி ஏன் படிப்பை விட்டுது?” என்று கேட்டார். பெயில் ஆகிவிட்டாள் என்றேன். “எஷ்டு?” ஒன்று என்றேன். அவர் சிரித்துவிட்டார். “நான் டிகிரி படிக்கிறப்போ எட்டு அரியர் வெச்சிருந்தேன். பிடு, உட்டுத் தள்ளு.” எங்களைக் கேலி செய்கிறார் என்று எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவரோடு பேசாமல் வேலையைப் பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் அவரே வந்து, தன் போனில் இருந்த டிகிரி சர்டிபிகேட்டைக் காட்டினார். ஸ்டெல்லா சொன்னது பொய் இல்லை.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு ஸ்டெல்லாவோடு காலேஜுக்குப் போனேன். இங்கிலீஷ் துறை மேடம் வருகைப் பதிவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏம்மா, ஒரு மாசமா எங்க போனா?”

“ஒரு பேப்பர் போயிடுச்சுங்க மேடம். அதான் வேலைக்கு இட்டுகினு போயிட்டேன்.”

“அரியரால இவ வருசம் போகாதும்மா. லீவால போகும். எழுபத்தஞ்சு பர்சென்ட் வரலன்னா பரிச்சையே எழுத முடியாது.”

நான் எதற்குப் பயந்தேனோ, அதை நானே செய்து வைத்திருந்தேன். மேடம் முன்னால் கைகட்டி நின்று அழுதேன். இனி ஒரு நாள்கூட விடாமல் வந்தால் எப்படியாவது தேற்றிவிடலாம் என்றார். ஸ்டெல்லா வந்தாள். மழை, ஊர்த் திருவிழா, பெரியப்பா வீட்டுக் கல்யாணம், எதற்கும் லீவு போடவில்லை. அடுத்த பரிட்சையில் அந்த அரியரையும் முடித்துவிட்டாள். ஐந்து செமஸ்டர்வரை எல்லாம் பாஸ்.

ஆறாவது செமஸ்டர் முடியப்போகிற நேரத்தில் காய்ச்சல் வந்தது. காலேஜில் டெஸ்ட் நடந்துகொண்டிருந்தது. படுத்திரு என்று சொன்னேன். “லீவு போட்டா மறுபடி நீதான் மேடம் முன்னாடி வந்து மூக்கச் சிந்தணும், அழுமூஞ்சி” என்று சிரித்துக்கொண்டே கிளம்பினாள். மூன்று நாள் அப்படியே போனாள். நான்காம் நாள் நிற்க முடியவில்லை. டெங்கு என்றார்கள். டாக்டர்களும் பாடுபட்டார்கள். ஆறாம் நாள் போய்விட்டாள். ஊர்க் கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம்.

லீவுக்குப் பயப்பட அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான். மஞ்சுளா அக்கா அப்படி இல்லை என்கிறார். அம்மாவும் அப்படி இல்லை என்கிறாள். எனக்குத் தெரியவில்லை. என்னைப் போல வெளியூரிலிருந்து வந்து ரூம் எடுத்து, தம்பி தங்கையைப் படிக்க வைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நமக்குத் தெரிந்த பெயிலை வைத்து அவர்கள் படிப்பை அளக்காதீர்கள். ஒரு நாள் சம்பளம் போனாலும் காலேஜுக்குப் போய் வாயைத் திறந்து கேளுங்கள்.

அவள் போன் என்னிடம்தான் இருக்கிறது. ஏப்ரலில் ஹால் டிக்கெட் வந்தது. ஐந்து பேப்பர், அவள் போட்டோ. அட்டெண்டன்ஸ் போதுமானதாக இருந்திருக்கிறது. பிறகு ரிசல்ட்டும் வந்தது. ஐந்துக்கும் ஆப்சென்ட். மேடத்தைப் போய்ப் பார்த்தேன்.

“அஞ்சும் அரியரா நிக்கும்மா. இன்னும் சில வருசம் எழுதலாம்னுதான் கம்ப்யூட்டர் காட்டும். இறப்புச் சான்றிதழ் குடுத்தீன்னா பேரை எடுத்துடுவாங்க” என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அவசரம் ஒண்ணும் இல்ல” என்றார்.

சான்றிதழ் பையிலேயே இருக்கிறது. கொடுக்கவில்லை. சிங்காரப்பேட்டையில் பங்குச் சாமியார் இறந்தவர்கள் புத்தகத்தில் அவள் பெயரை எழுதிவிட்டார். இங்கே அவள் இன்னும் மாணவி, அடுத்த பரிட்சைக்கு வரவேண்டியவள். ஊருக்குப் போனால் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுகிறேன். திரும்பி வந்தால் பரிட்சைத் தேதி பார்க்கிறேன். அவளை எந்த ஊரில் வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு நிமிடம் நின்று என் ஸ்டெல்லாவுக்காக ஜெபம் பண்ணுங்கள்.