நசீர் பாய்க்குப் போகும் முதல் மெயில்

அந்தப் புதன்கிழமை காலை கடையைத் திறந்ததும் வழக்கம்போல முதல் மெயிலை நசீர் பாய்க்கு அனுப்பினேன். ‘ஆரம்பம்’ என்று ஒரே ஒரு சொல். சற்று நேரத்தில் ‘வந்தது’ என்று அவரிடமிருந்து ஒரு சொல் வரும். அன்று வரவில்லை. எழுந்து போய் மோடத்தின் விளக்கைப் பார்த்தேன். எரிந்தது. ஒயரை அழுத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

“அத்த, செத்த உக்காருங்களேன். பாய் வண்டில வந்துக்கினு இருப்பாரு” என்றாள் மருமகள் கலைவாணி.

உட்கார முடியவில்லை. அவர் செல்லுக்குப் போட்டேன். எடுத்தவர் அவருடைய தம்பி. “அண்ணன் மௌத்தாயிட்டாரும்மா. காலைல தொழுதுட்டு வந்து படுத்தாரு. எழுந்துக்கல.”

நான் என்ன கேட்டேன் தெரியுமா? “அப்போ மெயில பாக்கலையா?” என்றேன். அந்தத் தம்பி என்ன நினைத்தாரோ. அவர் பதில் சொல்வதற்குள் கலைவாணி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

கும்மிடிப்பூண்டியில் கடை வைத்திருக்கும் உங்களுக்கு நசீர் பாய் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. திருவள்ளூரில் இருக்கும் இணைய இணைப்புக் கம்பெனியில் புகார் பார்த்தவர். பழவேற்காட்டு வீட்டுக்கும் திருவள்ளூருக்கும் நம் சிப்காட்டுக்கும் பைக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தவர். வண்டியை நிறுத்துவதற்கு முன்பே பேசத் தொடங்கிவிடுவார். டீயை நின்றபடி குடிப்பார், பாதியை வைத்துவிட்டுப் போவார். அவரைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று கடைக்காரர்கள் சொன்னபோது, பொறியியல் படிக்கும் என் பேத்தி, “நீ சொல்லு ஆயா, நான் எழுதறேன்” என்றாள். வேண்டாம் என்றேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள்தான் நான். ஆனால் படித்ததை மறக்காதவள். பாயைப் பற்றி என் கைதான் எழுத வேண்டும்.

எங்கள் கடை எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகன் இரும்பு உருக்கும் ஆலையில் வேலை செய்தவன். ஒரு நாள் வலது கை இயந்திரத்தில் சிக்கி நசுங்கிப் போயிற்று. ஆலையில் கொடுத்ததைக் கொண்டு போட்டதுதான் இந்த பிரவுசிங் சென்டர். பிராட்பேண்ட் இந்தப் பக்கம் வந்த புதிது. வெல்டர், ஃபிட்டர், ஹெல்ப்பர் என்று வேலை தேடி வருகிறவர்களின் பயோடேட்டாவைக் கலைவாணி அடித்து, சிப்காட்டில் இருக்கும் அத்தனை கம்பெனிக்கும் மெயிலில் அனுப்புவாள். ஓர் ஆள் வந்தால் அவனுக்காகக் கொத்தாக மெயில் போகும். எங்கள் வீட்டு அடுப்பு அதில்தான் எரிந்தது.

ஒரு மழைக்காலத்தில் அது நின்றுபோனது. உள்ளே வரும் மெயில்கள் ஒழுங்காக வந்தன. வெளியே போக வேண்டியவை மட்டும் அவுட்பாக்ஸில் அப்படியே கிடந்தன. கலைவாணி அனுப்பு அனுப்பு என்று தட்டுவாள். ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி மறுத்துவிடும். மறுநாள் காலையில் ஒன்றும் நடக்காததுபோலப் போகும். அன்றே ஏதோ ஒரு நேரத்தில் மறுபடி நிற்கும்.

பாய் வந்தார். முதல் நாள், மெயில் வெளியே போகும்போதும் பாஸ்வேர்டைக் கேட்கும்படி ஒரு டிக் வைத்தார். மறுநாள் காலை மெயில் போயிற்று. “பாத்தீங்களா ஆயா? நசீர் கை வெச்சா நின்னுடுமா?” என்று போனில் முழங்கினார். அன்று மாலையே நின்றது. அடுத்து வைரஸ் பார்க்கும் புரோகிராம்தான் தடுக்கிறது என்று அதைக் கழற்றினார். மறுநாள் போயிற்று. மறுபடியும் முழக்கம். மறுபடியும் நின்றது. பிறகு போன் ஒயரை மாற்றினார், மோடத்தை மாற்றினார், சர்வர் பெயரை அழித்து அழித்து எழுதினார். ஒவ்வொரு முறையும் மறுநாள் சரியாகும், ஒவ்வொரு முறையும் தான்தான் சரிசெய்ததாக ஊரெல்லாம் சொல்வார். லேபர் கான்ட்ராக்டர் ஒருவர் எங்கள் வாசலில் நின்று, “ஆயா, பேசாம போஸ்ட் கார்டு வாங்கி வெய்யி. உன் மெயிலுக்கு முன்னாடி போய்ச் சேந்துடும்” என்று சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அப்போதுதான் பாயின் ஒரு வழக்கத்தைப் பார்த்தேன். லைனைச் சோதிக்க அவர் நல்ல முகவரிக்கு மெயில் அனுப்ப மாட்டார். இல்லாத ஒரு பெயரைத் தட்டி, இல்லாத ஆளுக்கு அனுப்புவார். கொஞ்ச நேரத்தில், அப்படி யாரும் இங்கே இல்லை என்று அது திரும்பி வரும். முதல் முறை அதைப் பார்த்து நான் பதறிப்போனேன்.

“ஐயோ, இதுவும் திரும்பிடுச்சே பாய்!”

“திரும்பி வந்தா நல்லது ஆயா. இங்கேர்ந்து கெளம்பி, அவங்க வாசல தட்டிட்டுத்தானே வருது? லைன் சுத்தமா இருக்குன்னு அர்த்தம். போச்சா போவலையான்னே தெரியாம நிக்குது பாருங்க, அதான் பேஜாரு.”

அந்தப் பேஜாரை நாங்கள் பல வாரம் அனுபவித்தோம். கடைக்கு வந்தவர்கள் அடுத்த கடைக்குப் போகத் தொடங்கினார்கள். என் மகன் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. துணியை எடுத்து, துடைத்த மானிட்டரையே திரும்பத் திரும்பத் துடைப்பேன்.

பிறகு ஒரு நாள் பாய் வந்தார். முகத்தில் முழக்கம் இல்லை.

“ஆயா, மேலிடத்துல உங்க கனெக்‌ஷன கட் பண்ணச் சொல்றாங்க. நீங்க கண்டவங்களுக்கும் குப்பை மெயில் அனுப்பறீங்களாம். கொத்து கொத்தா ஒரே மூச்சுல வந்து உழுவுதாம். அத பாத்துட்டு அவங்க மெஷினே கதவ சாத்திடுதாம், மறுநாள்தான் தொறக்குதாம். இன்னொரு வாட்டி நடந்தா அவ்ளோதான்னு சொல்லிட்டாங்க.”

“யாரு அனுப்பறது குப்பை? வெல்டருங்க வயித்துப் பாடு அவங்களுக்குக் குப்பையா? போன போடுங்க, நான் பேசறேன்” என்றேன்.

“இருங்க ஆயா, இருங்க.” அவர் கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்க ஆரம்பித்தார். எங்கள் கடையில் நடக்க இடம் ஏது? நாற்காலியில் இடித்துக்கொண்டே நடந்தார். மேலிடத்தில் சொன்ன நேரங்களைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “செவ்வாக்கெழம சாயங்காலம் நிக்குது. வெள்ளிக்கெழம உச்சிவேளைல. சனிக்கெழம காலைலயே. திங்கக்கெழம மட்டும் ஒண்ணுமே இல்ல. இன்னா ஆயா, திங்கக்கெழமன்னா உங்க கம்ப்யூட்டருக்கு மட்டும் நல்ல புத்தி வந்துடுதா?”

நான் மறைக்கவில்லை. எனக்கே அது இதோடு சேரும் என்று தோன்றவில்லை. கலைவாணியின் கண்தான் ஒரு நொடி சுவரில் இருந்த தினசரி காலண்டர் பக்கம் போயிற்று. பாய் அதைப் பிடித்துவிட்டார். காலண்டரின் அருகில் போய், தாளின் அடியில் இருந்த ராகு காலத்தை விரல் வைத்துப் படித்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

விஷயம் இவ்வளவுதான். ராகு காலத்தில் எங்கள் கடையிலிருந்து எந்த மெயிலும் வெளியே போகக் கூடாது என்பது என் உத்தரவு. ஒருவனின் பிழைப்பைத் தேடிப் போகும் காகிதம் அந்த நேரத்திலா கிளம்புவது? கலைவாணி அடித்து அடித்து அவுட்பாக்ஸில் சேர்த்து வைப்பாள். ராகு காலம் முடிந்ததும் நான் தலையசைப்பேன். அத்தனையும் ஒன்றாகப் பாயும். திங்கட்கிழமை ராகு காலம் கடை திறப்பதற்கு முன்பே முடிந்துவிடும்.

பாய் சிரித்தார். சிரித்துக்கொண்டே தெரு வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். “நான் ஊரெல்லாம் வைரஸ தேடிக்கினு இருக்கறேன். ஆயா இங்க ராகுவ கட்டி வெச்சிக்கினு இருக்குது!”

“சிரிங்க பாய். நல்லா சிரிங்க. என் புள்ளைய அன்னிக்கு ராகு காலத்துல கெளம்பாதடான்னு சொன்னேன். ஷிஃப்டுக்கு நேரமாச்சுன்னு போனான். அவன் கைய போய் பாத்துட்டு வந்து சிரிங்க.”

அவர் சிரிப்பு நின்றது. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எங்கள் கடையில் நசீர் பாய் உட்கார்ந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“ஆயா, ஒண்ணு கேக்கறேன். ராகு காலத்துல ஒண்ண ஆரம்பிக்கக் கூடாது. சரி. முன்னாடியே ஆரம்பிச்ச வேலைய நடுவுல நிறுத்தணுமா?”

“நிறுத்த வேணாம். அது தொடர்ச்சிதானே.”

“அப்போ காலைல ராகு காலத்துக்கு முன்னாடி ஒரே ஒரு மெயில் அனுப்பிடுங்க. அன்னிய வேல அங்க ஆரம்பிச்சாச்சு. அப்புறம் நாளெல்லாம் போறது அதோட வாலு. ஒண்ணொண்ணா, அடிக்க அடிக்க அனுப்பிக்கினே இருங்க.”

என் கணக்கிலும் அது சரிதான். ஆனால் உடனே ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. “அந்த மொத மெயில யாருக்குப் போடறது? கணக்கு தப்பிடுச்சுன்னா அந்த தோஷம் வாங்கறவங்களத்தானே புடிக்கும்? பாவம்” என்றேன்.

“எனக்குப் போடுங்க. எங்கூட்லயும் இதே காலண்டர்தான் மாட்டியிருக்கு. எந்த நேரத்துல வந்தாலும் நான் கோச்சிக்க மாட்டேன்.”

அங்கேயே எழுந்து மேலிடத்துக்குப் போன் போட்டார். “சார், அவங்க கம்பெனி இல்ல சார், குடும்பம். இனிமே கொத்தா வந்து உழுந்தா கனெக்‌ஷன கட் பண்ணாதீங்க, என் வேலைய கட் பண்ணுங்க” என்றார். போனை வைத்துவிட்டு என்னிடம், “ஆயா, என் நாஷ்டா, சாப்பாடு எல்லாம் இனிமே உங்க கைல” என்றார். டீயைப் பாதி வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அன்றிலிருந்து அவர் இறந்த நாள் வரை, கடை திறந்திருந்த ஒரு நாளும் அந்த மெயில் தவறியதில்லை. சனிக்கிழமைகளில் அதற்காகவே கடையைச் சீக்கிரம் திறந்தேன். கடை நிமிர்ந்தது. என் பேத்தி கல்லூரிக்குப் போனாள். நான் செய்தது தப்பென்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அவரும் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

துக்கம் கேட்கப் பழவேற்காட்டுக்குப் போனேன். அதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. பெண்கள் இருந்த அறையில் அவர் மனைவி ஷமீமா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “மெயில் ஆயாவா நீங்க? காலைல ஆபீஸ் போனதும் உங்க மெயிலத்தான் மொதல்ல பாப்பாரு. கொஞ்சம் லேட்டானா எனக்கு போன் பண்ணி பொலம்புவாரு. ‘ஆயா திரும்பவும் மெயில மூட்ட கட்டுதாடி, என் வேல போச்சு’ன்னு.” சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பிலேயே அழுதாள். நானும்தான்.

மறுநாள் காலை என்ன செய்வது என்று தெரியவில்லை. கைப் பழக்கத்தில் அவருக்கே அனுப்பினேன். பதில் இல்லை. திரும்பியும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். அலுவலகத்தில் அவருடைய பெட்டியை இன்னும் மூடவில்லை போலிருக்கிறது. நான் அனுப்பியதெல்லாம் யாரும் திறக்காத அந்தப் பெட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. அந்த நாட்களில் நான் ஓர் இடத்தில் இருந்ததில்லை. மோடத்தைப் பார்ப்பேன், வாசலுக்குப் போவேன், வருவேன். பைக் சத்தம் கேட்டால் திரும்புவேன். கலைவாணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “அத்த, வேற யாருக்காச்சும் அனுப்புங்களேன். என் தம்பிக்கு அனுப்புங்க” என்றாள். நான் கேட்கவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை, அனுப்பிய கையோடு மெயில் திரும்பி வந்தது. ஆங்கிலத்தில் நாலைந்து வரி. கலைவாணி படித்துவிட்டுச் சொல்லத் தயங்கினாள்.

“இன்னா போட்டுக்கீது?”

“இந்தப் பேர்ல இங்க யாரும் இல்லியாம் அத்த.”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் ஒழுங்காக உட்கார்ந்தேன். இங்கிருந்து கிளம்பி, அவர் வாசலைத் தட்டிவிட்டு வந்திருக்கிறது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த முகவரி ஒன்றுதான். இன்று காலையும் அதற்கு ‘ஆரம்பம்’ என்று அனுப்பினேன். இன்றும் திரும்பி வந்தது. “லைன் சுத்தமா இருக்குது கலை. அடிக்க அடிக்க அனுப்பு, சேத்து வெக்காத” என்றேன்.