களைராணியும் முலாம் பட்டறைத் தண்ணீரும்

சின்ன மருமகள் அந்த வீட்டில் காலெடுத்து வைத்த முதல் வாரமே அந்தப் பேர் அவள் காதில் விழுந்தது. பின்கட்டுக்குப் போகப் பார்த்தவளை மாமனார் தடுத்தார். “அந்தப் பக்கம் போகாதேம்மா. அது களைராணி ராஜ்ஜியம். ஒரு இலையைத் தொட்டாலும் தோலை உரிச்சிடுவா.”

களைராணி வேறு யாருமில்லை, அவளுடைய ஓரகத்திதான், அந்த வீட்டு மூத்த மருமகள்.

வீட்டோடு ஒட்டியது முலாம் பட்டறை. குழாய்களுக்கும் கைப்பிடிகளுக்கும் வெள்ளிபோல் பளபளப்பு ஏற்றுவார்கள். கழுவிய தண்ணீர் குரோமியம் என்ற நச்சு உலோகத்தைச் சுமந்துகொண்டு சாக்கடைக்குப் போகும். சின்னவள் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு ஆய்வு செய்த அதிகாரிகள், அடுத்த சோதனையிலும் தண்ணீர் தேறாவிட்டால் பட்டறைக்குச் சீல் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு வேறு பிழைப்பு கிடையாது.

வேர் வழியாக உலோகத்தை உறிஞ்சும் செடி ஆகாயத்தாமரை என்று, சோதனைக்கு வந்த அம்மாள் சொன்னதை மூத்தவள் பிடித்துக்கொண்டாள். ஏரியில் இறங்கி, அதை அடைத்துக் கிடந்த அந்தக் களையைக் கூடை கூடையாக அள்ளி வந்தாள்.

“ஊரே பிடுங்கி எறியறதை நீ தலையில தூக்கிட்டு வர்றியே!” என்று புருஷன் சிரித்தான்.

“சிரிங்க. பட்டறை மூடினா சேர்ந்து அழலாம்.”

சுண்ணாம்பு கலந்து தெளியவைத்த தண்ணீரைத் தொட்டிகளில் விட்டுச் செடிகளை மிதக்கவிட்டாள். அவை பெருகி ஊதாப் பூவாய்ப் பூத்துத் தள்ளின. பார்க்க வந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். ஆனால் சோதனையில் தண்ணீர் தேறவில்லை.

அன்று தொட்டிக்குள் கையை விட்டு, கருகருவென்று கொழகொழத்த வேரை வெளியே இழுத்தாள் மூத்தவள்.

“நான்தான் கெடுத்தேன்,” என்றாள் எல்லோர் முன்னாலும். “பூத்திருக்கேன்னு பிடுங்க மனசு வரல. அடியில அழுகி, குடிச்சதையெல்லாம் திரும்பக் கக்கிடுச்சு.”

தப்பை அடுத்தவர் தலையில் கட்டியே பழகிய வீடு அது. அவள் இப்படி ஏற்றுக்கொண்டதும் மாமனாரே அதிகாரிகளிடம் போய்க் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு தவணை வாங்கி வந்தார்.

“இறங்குடி,” என்றாள் மூத்தவள். சின்னவள் புடவையைத் தூக்கிச் செருகினாள். இரண்டு பேருமாக அத்தனை செடியையும் வாரி வெளியே போட்டார்கள். குவியலைப் பார்த்து ஆட்டுக்காரர் ஓடி வந்தார்.

“வீணாத்தானே போகுது, ஆட்டுக்குக் குடுத்தா என்ன?”

“இது முழுக்க விஷம் அண்ணே. உங்க ஆடு தின்னு, அது பாலைப் பிள்ளைங்க குடிக்கணுமா? நடையைக் கட்டுங்க.”

காயவைத்து, பீப்பாய்களில் அடைத்து, நச்சுக் கழிவு ஏற்றும் வண்டியில் அனுப்பினாள். புதுச் செடிகளில் மொட்டு தலைகாட்டினால் போதும், பிடுங்கிவிட வேண்டும் என்று சட்டம் போட்டாள். சிரித்த புருஷனே, “ஏய், அந்த மூலையில மொட்டுடி!” என்று வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தான்.

அடுத்த சோதனையில் தண்ணீர் தேறியது. அன்று மாமனார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவில் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே! “என் மருமக” என்று அவர் ஆரம்பித்தால் முடிக்கமாட்டார். “என் அக்கா” என்று சின்னவள் சொல்வதிலும் குறைவில்லை.

இப்போது அந்தத் தெருவின் எல்லாப் பட்டறைத் தண்ணீரும் சுத்தமாவதற்கு ஒரே இடத்துக்கு, புதிதாகக் கட்டிய பொதுத் தொட்டிகளுக்கு, வருகிறது. தெருக்கோடியில், அந்தத் தொட்டிகளை ஒட்டிய அறையில், மூத்தவள்தான் பொறுப்பாளராக இருக்கிறாள்.