கடற்படை ஹெலிகாப்டரும் ராயக்கோட்டை வயலும்

விமானம் ஓட்டுகிறவன் வேலையில் பாதி, இன்னும் நடக்காத ஒன்றை நினைத்துக் கவலைப்படுவதுதான். இருபத்திரண்டு வருஷம் கடற்படையில் ஹெலிகாப்டர் ஓட்டினேன். எங்கள் கப்பலின் சின்னத் தளத்தில் இறங்கப் பழகிய முதல் நான்கு பேரில் நானும் ஒருவன். இப்போது ஓசூர் பக்கம் ஒரு தனியார் ஓடுதளத்தில், பழுதுபார்த்த சிறு விமானங்களை முதல் ஆளாக ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன். காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே பயப்படுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நாமெல்லாம் ஒரே கட்சி.

மூன்றாவது ஆள்

புயலில் படகு கவிழ்ந்து மூன்று மீனவர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேரைக் கயிற்றில் தூக்கியதும் எரிபொருள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. மூன்றாமவருக்குக் கை காட்டிவிட்டுக் கப்பலுக்குத் திரும்பினோம். ஆடுகிற தளத்தில் இறங்கி, எரிபொருள் நிரப்பி, மறுபடி போய்த் தேடிப் பிடிப்பதற்குள் ஐம்பது நிமிஷம். அத்தனை நேரமும் அந்த முகம்தான் கண்ணுக்குள் நின்றது. நல்லவேளை, உயிரோடு கிடைத்தார். எனக்கு மெடல் கிடைத்தது அதற்குத்தான்.

கரைக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்: "கை காட்டிட்டுப் போனீங்களே சார், அது வரேன்னு சொன்னதா, போறேன்னு சொன்னதான்னு கடைசி வரைக்கும் தெரியல."

அறுத்த வயல்

போன வருஷம், ராயக்கோட்டைக்கு மேலே பறந்துகொண்டிருந்தபோது என்ஜின் நின்றுவிட்டது. மறுபடி முடுக்கிப் பார்த்தேன், பிடிக்கவில்லை. கீழே எங்கு பார்த்தாலும் குச்சி நட்டுக் கட்டிய தக்காளித் தோட்டம். நடுவில் ராகி அறுத்த வயல் ஒன்று தெரிந்தது. அதில் இறக்கினேன். ஒரு வரப்பில் இடித்துச் சக்கரம் முறிந்து, விமானம் சாய்ந்து நின்றது. எனக்குக் கீறல்கூட இல்லை. பிழைத்துவிட்டோம் என்று அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

தோட்டத்துக்கார அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் முழுதாகக் குடித்து முடித்தேன். பிறகு முறிந்த சக்கரத்தைக் காட்டிச் சொன்னார்: "எங்க வூட்டுக்காரரு இந்த வரப்புலதான் குந்திக்கினு இருந்தாரு, இப்பதான் டீ குடிக்க எழுந்து வந்தாரு."



கையில் கட்டிய பட்டி

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. ரத்த அழுத்தம் கூடினால் பறக்க விடமாட்டார்கள். கூடக்கூடாதே என்று நினைத்தாலே கூடிவிடுகிறது. உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ! இந்த முறை கையில் பட்டியைக் கட்டி அளந்ததில் முதல் இரண்டு தடவையும் அதிகம் காட்டியது. டாக்டர் அரை மணி நேரம் வெளியே உட்கார வைத்தார். மூன்றாவது தடவை மயிரிழையில் தப்பித்தேன்.

கையெழுத்துப் போட்டுக்கொண்டே அவர் கேட்டார்: "புயல்ல போனவரு நீங்க, இந்தப் பட்டியக் கட்டுனா மட்டும் ஏன் சார் இப்படி வேர்க்குது?"

மொத்தத்தில், இத்தனை வருஷம் பயந்துகொண்டே பறந்தேன், இனி பறக்க முடியாமல் போய்விடுமோ என்று பயந்துகொண்டிருக்கிறேன்.